பள்ளிக்கூடப் பையில் நாற்றமா? போக்குவது எப்படி?

"அம்மா, வயிறு வலிக்குது. நான் பள்ளிக்கூடம் போகலே."

ஐந்தாம் வகுப்புப் படிக்கும் பெண் இப்படிச் சொன்னாள். இது மூன்றாவது நாள். அம்மா பதறிப் போனாள். சுக்கும் ஓமமும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். பள்ளிக்கூட மணி அடித்து அரை மணி ஆயிற்று. வயிற்று வலி போன இடம் தெரியவில்லை! வாசலில் கோடு கிழித்துப் பாண்டி ஆடத் தொடங்கிவிட்டாள் பிள்ளை.

திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாயிக்குச் சந்தேகம். பேத்தியை அருகில் கூப்பிட்டாள்.

"என்ன கண்ணு, டீச்சர் அடிச்சாங்களா?"

"இல்லே அப்பாயி."

"பின்னே என்ன? என்கிட்டே சொல்லு."

பிள்ளை விம்மினாள். "என் பை நாறுதாம். பக்கத்திலே யாரும் உட்கார மாட்டேங்கிறாங்க."

எந்த ஊரிலும், எந்த வீட்டிலும் நடக்கக் கூடிய காட்சி இது. பையின் நாற்றம் பெரியவர்களுக்கு அற்ப விஷயம். ஆனால் பத்து வயதுப் பிள்ளைக்கு அது அற்ப விஷயமா? பெஞ்சில் பக்கத்துப் பிள்ளை தள்ளி உட்கார்ந்தால், அந்த அவமானத்தை அது யாரிடமும் சொல்லாது. வயிற்று வலி என்றுதான் சொல்லும்.

அரியலூர் மாவட்டத்தில் உள்ள ரெட்டிபாளையத்தைப் போன்ற ஊர்களில் பிள்ளைகளின் பை படாத பாடு படுகிறது. கோடையில் கொளுத்தும் வெயில். முதுகில் வழியும் வியர்வை எல்லாம் பையில் இறங்குகிறது. சுண்ணாம்புக்கல் வெட்டும் பூமி. சிமெண்ட் ஆலைகள் உள்ள வட்டாரம். ஆகவே புழுதிக்கும் பஞ்சம் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. அரசுப் பள்ளியில் கொடுத்த பையோ, கடையில் வாங்கிய பையோ, பெரும்பாலான வீடுகளில் பிள்ளைக்கு ஒரே ஒரு பைதான். வருடம் முழுவதும் அது தாங்க வேண்டும். நாறுகிறது என்று தூக்கி எறிய முடியுமா?

வியர்வைக்கு நாற்றம் இல்லை!

வியர்வை நாறும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில், வடிந்த உடனே வியர்வைக்கு வாடையே இல்லை. அதில் இருப்பது பெரும்பாலும் தண்ணீரும் உப்பும்தான். பின்னே நாற்றம் எங்கிருந்து வருகிறது?

கண்ணுக்குத் தெரியாத கிருமிகளிடமிருந்து வருகிறது. பாக்டீரியா என்பார்களே, அவைதான். வியர்வையோடு தோலின் எண்ணெய்ப் பசையும் அழுக்கும் பையில் ஒட்டுகின்றன. கிருமிகள் அவற்றைத் தின்கின்றன. தின்றுவிட்டுப் புளித்த வாடை உள்ள அமிலங்களை வெளியே விடுகின்றன. அதைத்தான் நம் மூக்கு முகர்கிறது. சிந்திய சோறு, ரசம், மோர் எல்லாம் அவற்றுக்கு விருந்து! உயிர் வாழத் தண்ணீரும் வேண்டும். ஈரப் பை அதையும் கொடுத்துவிடுகிறது.

ஆக, கிருமிக்குத் தீனியும் ஈரமும் கிடைத்தால் பை நாறும். இரண்டையும் பறித்துவிட்டால் நாற்றம் நிற்கும்.

(பழைய தமிழில் 'நாற்றம்' என்றால் நறுமணம் என்று பொருள். காலப்போக்கில் அந்தச் சொல்லே கெட்டுவிட்டது! பையும் அப்படித்தான். வாங்கும்போது புதுத் துணி மணக்கும். ஆறு மாதத்தில் கதை மாறிவிடும்.)

மஞ்சள் பை நாறாதது ஏன்?

"எங்க காலத்திலே மஞ்சப் பையிலேதான் புத்தகம் கொண்டு போனோம். அது எங்கே நாறிச்சு?" என்று பெரியவர்கள் கேட்பது உண்டு. நியாயமான கேள்வி.

மஞ்சள் பை பருத்தித் துணி. எவ்வளவு அடித்துத் துவைத்தாலும் தாங்கும். கொதிக்கும் நீரில் போட்டாலும் தாங்கும். அந்தக் காலத்தில் துணி வெள்ளாவிக்குப் போகும். உவர்மண் கரைத்த நீரில் நனைத்துப் பெரிய பானையில் அடுக்கி, இரவெல்லாம் ஆவியில் வேக வைப்பார்கள். அந்தச் சூட்டில் எந்தக் கிருமி பிழைக்கும்?

இன்றைய முதுகுப் பை வேறு சாதி. பாலியெஸ்டர் அல்லது நைலான் துணி. பல பைகளில் உட்புறம் தண்ணீர் புகாதபடி ஒரு பூச்சு. முதுகு படும் இடத்திலும் தோள் பட்டையிலும் பஞ்சுபோன்ற ஸ்பாஞ்சு. கொதிநீரில் போட்டால் பூச்சு உரிந்துவிடும். ஸ்பாஞ்சு கோணிவிடும். எனவே வெள்ளாவி வைத்தியம் இதற்கு ஆகாது.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. பருத்தி ஈரத்தை இழுத்து வைத்துக் கொள்ளும். பாலியெஸ்டர் நூல் ஈரத்தை இழுப்பதில்லை. ஆனால் எண்ணெய்ப் பசையை விடாமல் பிடித்துக் கொள்ளும். 2014-ஆம் ஆண்டு பெல்ஜியம் நாட்டின் கெண்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். 26 பேரை பருத்திச் சட்டையும் பாலியெஸ்டர் சட்டையும் போட்டுக் கொண்டு வியர்க்க வியர்க்க உடற்பயிற்சி சைக்கிள் மிதிக்கச் சொன்னார்கள். சட்டைகளை எடுத்து வைத்து மறுநாள் முகர்ந்து பார்த்தார்கள். பாலியெஸ்டர் சட்டைகள்தான் அதிகம் நாறின!

மூக்கே துப்பறியும்

பையைத் துவைக்கும் முன்பு ஒரு முறை நன்றாக முகர்ந்து பாருங்கள். அருவருப்பாக இருந்தாலும் பரவாயில்லை. எந்த மாதிரி வாடை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

புளித்த வாடையா? சோறு, மோர், ரசம் சிந்தியிருக்கிறது. சாப்பாட்டு டப்பா வைக்கும் அறையின் அடியில், தையல் மடிப்பில் தேடுங்கள்.

மண்ணும் பழைய காகிதமும் கலந்த மக்கிய வாடையா? பூஞ்சணம் பிடித்திருக்கிறது. கறுப்பாகவோ வெள்ளையாகவோ புள்ளிகள் தெரியும். பை பல நாள் ஈரத்தோடு மூலையில் கிடந்திருக்க வேண்டும்.

துவைத்துச் சரியாகக் காயாத துணியின் வாடையா? முதுகுப் பக்கத்து ஸ்பாஞ்சைச் சந்தேகியுங்கள். வெளியே தொட்டால் காய்ந்திருக்கும். அழுத்திப் பார்த்தால் உள்ளே குளிர்ச்சி தெரியும்.

அழுகிய முட்டை வாடையா? சத்துணவில் கொடுத்த முட்டையை "அப்புறம் சாப்பிடலாம்" என்று பிள்ளை பைக்குள் போட்டு மறந்திருக்கும்!

வியர்வை வாடை எப்போதும் தோள் பட்டையிலும் முதுகுப் பக்கத்திலும்தான் இருக்கும். இதிலே கவனிக்க வேண்டியது ஒன்று. சிறு பிள்ளைகளின் வியர்வை அவ்வளவாக நாறுவதில்லை. பருவம் வரும் வயதில்தான் அக்குளில் வேறு வகை வியர்வை சுரந்து வாடை கூடுகிறது. ஆகவே மூன்றாவது, நான்காவது படிக்கும் பிள்ளையின் பை நாறினால் வியர்வையைக் குறை சொல்லாதீர்கள். சோற்றையும் ஈரத்தையும் தேடுங்கள். ஒன்பதாவது படிக்கும் அண்ணன் பை என்றால் முதலில் பட்டையைப் பாருங்கள்.

சோற்று டப்பாவே கொண்டு போகாத பிள்ளையின் பையும் நாறுவது உண்டு. இது எப்படி? மதியச் சாப்பாடு சாப்பிடத் தட்டு கொண்டு போகும் பிள்ளைகள், சாப்பிட்டதும் அதைக் குழாயடியில் கழுவுகிறார்கள். அப்படியே ஈரத்தோடு பைக்குள் செருகுகிறார்கள். தினம் ஒரு கை ஈரம். கூடவே ஒட்டியிருக்கும் சாம்பார். வருடம் முழுவதும் இது நடந்தால் என்ன ஆகும்?

சனிக்கிழமை காலையில் துவையுங்கள்

துவைப்பதற்கு ஏற்ற நேரம் சனிக்கிழமை காலை. ஏன் தெரியுமா? ஸ்பாஞ்சு காய இரண்டு பகல் ஆகலாம். ஞாயிறு மாலையில் துவைத்துத் திங்கள் காலையில் அரைகுறை ஈரத்தோடு மாட்டி அனுப்பினால், முன்பு இருந்ததைவிட மோசமாக நாறும்.

முதலில் பையைக் காலி செய்யுங்கள். எல்லா அறைகளையும் வெளியே இழுத்துத் தலைகீழாகத் தட்டுங்கள். பென்சில் சீவல், புளியங்கொட்டை, மிட்டாய்த் தாள், காய்ந்து போன கொய்யா... ஒரு சந்தையே கொட்டும்! அடியில் கனமான அட்டை இருந்து, கழற்ற முடிந்தால் கழற்றி விடுங்கள். அது நனைந்தால் ஊறிப்போய் நாறும்.

ரெட்டிபாளையம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பையில் சிமெண்டுத் தூசி படிந்திருந்தால் நனைக்கும் முன்பே உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி விடுங்கள். அப்பாவின் வேலை உடுப்போடு ஒரே ஆணியில் தொங்கும் பையில் இந்தத் தூசி இருக்கும். சிமெண்டில் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று அந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தையலில் கட்டி தட்டிவிட்டால் பிறகு சுரண்டினாலும் வராது.

அடுத்து சோப்பு. ஒரு வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மேசைக் கரண்டி சோப்புத்தூள் போதும். அதிகம் போட்டால் நல்லது என்று நினைக்காதீர்கள். ஸ்பாஞ்சுக்குள் தங்கிவிடும் சோப்புப் பசை புது அழுக்கை இழுக்கும். அரை மணி ஊற விடுங்கள். பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தோள் பட்டை, முதுகுப் பக்கம், கைப்பிடி, அடித் தையல் இவற்றைத் தேயுங்கள். கல்லில் அடிக்க வேண்டாம்; ஜிப் உடைந்துவிடும். நுரை போகும் வரை மூன்று, நான்கு தண்ணீரில் அலசுங்கள்.

புளித்த வாடை போகாவிட்டால் ஆப்ப சோடாவை எடுங்கள். சமையல் சோடா என்றும் சொல்வார்கள். கிருமிகள் விட்ட வாடை அமிலம் அல்லவா? சோடா காரம். அமிலத்தைக் காரம் முறித்துவிடும். ஒரு வாளிக்கு அரைக் கைப்பிடி கரைத்து, ஒரு மணி நேரம் பையை ஊற வைத்து அலசுங்கள். துவைக்க நேரம் இல்லாதவர்கள், உலர்ந்த பைக்குள் இரண்டு கரண்டி தூவி, இரவு முழுவதும் வைத்துக் காலையில் உதறி விடலாம். ஓரளவு பலன் தெரியும்.

பூஞ்சணப் புள்ளிக்கு வினிகர் நல்லது. ஒரு பங்கு வினிகருக்கு இரண்டு பங்கு தண்ணீர் கலந்து துணியால் துடைத்து, அரை மணி கழித்துத் துவையுங்கள். அந்த வேலையை வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக் கொள்ளுங்கள். பூஞ்சணத் தூள் மூச்சில் போனால் இழுப்பு நோய் உள்ளவர்களுக்கு ஆகாது. ஈரமும் பூஞ்சணமும் ஆஸ்துமாவைத் தூண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே எச்சரித்திருக்கிறது. பிள்ளைக்கு ஏற்கனவே இழுப்பு இருந்தால், பூஞ்சணம் பிடித்த பையை அதன் கையில் கொடுக்காதீர்கள்.

வினிகரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள்! இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்ற விஷ வாயு கிளம்பும்.

வெயில் மட்டும் போதுமா?

"ரெண்டு நாள் வெயில்லே போட்டா சரியாப் போயிடும்" என்பது வழக்கமான பேச்சு. பாதிதான் உண்மை.

ஜப்பானில் காவோ என்ற சோப்பு நிறுவனத்தின் விஞ்ஞானிகள், துவைத்த துணியும் ஏன் சில சமயம் ஈர வாடை அடிக்கிறது என்று ஆராய்ந்தார்கள். முடிவை 2012-இல் வெளியிட்டார்கள். மொராக்செல்லா என்ற ஒரு கிருமிதான் திருடன்! காய வைத்தாலும், வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டாலும் அது எளிதில் சாவதில்லையாம். மீண்டும் ஈரம் பட்டதும் பிழைத்துக் கொள்கிறது.

சித்திரை வெயிலில் நன்றாக இருந்த பை, முதல் மழையில் நனைந்ததும் பழையபடி நாறுவது இதனால்தான். துவைக்காமல் காய வைத்தால் கிருமி பட்டினியோடு படுத்திருக்கும். தீனி அங்கேயே இருக்கும். முதலில் துவைத்துத் தீனியை எடுக்க வேண்டும். பிறகு வெயில்.

காய வைப்பதிலும் ஒரு முறை உண்டு. பையை முறுக்கிப் பிழியாதீர்கள். காய்ந்த துண்டை வைத்து ஸ்பாஞ்சு இருக்கும் இடத்தை அழுத்தி அழுத்தித் தண்ணீரை வாங்குங்கள். எல்லா ஜிப்பையும் திறந்து, உள்பக்கத்தை வெளியே திருப்பி, தலைகீழாகக் கொடியில் தொங்க விடுங்கள். உள்பக்கம் காய்ந்ததும் நிழலுக்கு மாற்றுங்கள். நாள் கணக்கில் கடும் வெயிலில் கிடந்தால் சாயம் வெளுக்கும். நூலும் நைந்து போகும்.

அடைமழைக் காலத்தில் என்ன செய்வது? முழுப் பையையும் துவைக்காதீர்கள். காயவே காயாது. நாறும் இடத்தை மட்டும் சோப்புத் துணியால் துடைத்து, ஈரத் துணியால் மறுபடி துடைத்து, மின்விசிறிக்கு நேரே தொங்க விடுங்கள். இரவில் படித்து முடித்த பழைய நாளிதழைக் கசக்கிப் பைக்குள் திணியுங்கள். ஈரத்தை நன்றாக உறிஞ்சும். காலையில் எடுத்துவிடுங்கள். (இந்த ஞாயிறு மலரை மட்டும் படித்த பிறகு திணியுங்கள்!)

இவை வேண்டாம்

சென்ட் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். முகப் பவுடர் தூவுபவர்களும் இருக்கிறார்கள். சாம்பிராணிப் புகை காட்டுபவர்களும் உண்டு. மல்லிகை வாடையும் புளித்த மோர் வாடையும் கலந்தால் எப்படி இருக்கும்? கிருமி தன்பாட்டுக்குத் தின்று கொண்டே இருக்கும். சாம்பிராணியில் இன்னொரு ஆபத்து. ஒரு பொறி விழுந்தால் பாலியெஸ்டர் துணி உருகி ஓட்டை விழுந்துவிடும்.

அந்துருண்டையைப் பிள்ளையின் பையில் போடவே கூடாது. மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக் கொண்டால் விபரீதம். நாப்தலின் உருண்டை, பிறவியிலேயே ஒரு வகை இரத்தக் குறைபாடு உள்ள பிள்ளைகளின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். அந்தக் குறை இருப்பது பெற்றோருக்கே தெரியாமலும் இருக்கலாம்.

சுண்ணாம்புக்கல் பூமி ஆயிற்றே, சுட்ட சுண்ணாம்பு ஈரத்தை இழுக்குமே என்று ஒரு கட்டியைத் துணியில் முடிந்து வைக்கத் தோன்றலாம். ஈரத்தை இழுக்கும் என்பது உண்மை. ஆனால் தண்ணீர் பட்டதும் கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தண்ணீர் பாட்டில் வைக்கும் பையில் இது எதற்கு?

குளிர்சாதனப் பெட்டியின் உறைபனி அறையில் வைத்தால் நாற்றம் போகும் என்று சிலர் சொல்கிறார்கள். குளிரில் பெரும்பாலான கிருமிகள் தூங்கும்; சாகாது. வெளியே எடுத்ததும் விழித்துக் கொள்ளும்.

வெட்டிவேர் ஒரு சிறு முடிச்சு வைக்கலாம். பை சுத்தமாகிக் காய்ந்த பிறகு வைத்தால் மணமாக இருக்கும். நாறும் பைக்கு அது மருந்து அல்ல.

மறுபடி நாறாமல் இருக்க...

பிள்ளை வீட்டுக்கு வந்ததும் சாப்பாட்டு டப்பா, தட்டு, தண்ணீர் பாட்டில் மூன்றும் பையை விட்டு வெளியே வர வேண்டும். காலணியைக் கழற்றுவது போல இதுவும் பழக்கமாகிவிட வேண்டும். காலி டப்பா பைக்குள் இரவு தங்கினால் காலையில் வாடை நிச்சயம்.

டப்பாவுக்கும் தட்டுக்கும் தனியாக ஒரு சின்னப் பருத்திப் பை தைத்துக் கொடுங்கள். பழைய பாவாடைத் துணி போதும். சிந்துவதும் ஈரமும் அதோடு நின்றுவிடும். இதைத் தினமும் அலசிக் காய வைக்கலாம். பெரிய பையை அப்படிச் செய்ய முடியுமா? பாட்டி காலத்து மஞ்சள் பை இப்படி ஒரு வேலைக்குத் திரும்பி வரட்டுமே!

பையைச் சிமெண்டுத் தரையில் மூலையில் போடாதீர்கள். ஆணியில் மாட்டுங்கள், ஜிப் திறந்தபடி. முதுகுப் பக்கம் சுவரைப் பார்க்காமல் காற்றைப் பார்த்து இருக்கட்டும்.

புத்தகங்களை மறந்துவிடாதீர்கள். நாறிய பையில் கிடந்த நோட்டும் புத்தகமும் அந்த வாடையைக் குடித்திருக்கும். பையை மட்டும் துவைத்துவிட்டு அதே புத்தகங்களை அடுக்கினால் வாடை திரும்பி வரும். பை கொடியில் தொங்கும்போதே புத்தகங்களை விரித்து, காற்றோட்டமான நிழலில் பரப்பி வையுங்கள்.

இவ்வளவு செய்தும் போகவில்லையா? பையின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுவென்று ஒட்டுகிறதா? செதில் செதிலாக உரிகிறதா? அப்படியானால் தண்ணீர் புகாத பூச்சே கெட்டுவிட்டது. ஈரமும் வெப்பமும் சேர்ந்து நாளடைவில் அதைச் சிதைத்துவிடும். அந்த வாடைக்குச் சோடாவும் இல்லை, வினிகரும் இல்லை. அப்படிப்பட்ட பையோடு மல்லுக்கட்டிச் சோப்பை வீணாக்க வேண்டாம். கொட்டகையில் மண்வெட்டி, கயிறு போட்டு வைக்க அது உதவும்.

பக்கத்து வீட்டு மூக்கு

இத்தனை நாள் பை நாறியும் அம்மாவுக்கு ஏன் தெரியவில்லை? இதற்கும் காரணம் இருக்கிறது. ஒரே வாடையை முகர்ந்து கொண்டே இருந்தால் மூக்கு அதைச் சட்டை செய்வதை விட்டுவிடும். தினமும் அந்தப் பையோடு இருக்கும் வீட்டாருக்கு அது தெரியாது. பக்கத்தில் புதிதாக வந்து உட்காரும் பிள்ளைக்கு உடனே தெரியும். பை சுத்தமாகிவிட்டதா என்று நீங்களே முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். வேறு வீட்டு மூக்கைக் கடன் கேளுங்கள்!

அப்பாயி அதைத்தான் செய்தாள். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம். கொடியில் இருந்து பையை எடுத்துக் கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனாள்.

"ஏம்மா, இதைக் கொஞ்சம் மோந்து பாரு. மறைக்காமச் சொல்லு."

பக்கத்து வீட்டுக்காரி பைக்குள் முகத்தை விட்டு இழுத்துப் பார்த்தாள். தோள் பட்டையையும் முகர்ந்தாள்.

"சோப்பு வாசனைதான் வருது பெரியம்மா. இதுலே என்ன?"

கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக் கொண்டிருந்த பேத்தி, பையை வாங்கிக் கொண்டு வீட்டுக்கு ஓடினாள். திங்கட்கிழமைப் புத்தகங்களை அடுக்க வேண்டுமே!